ஆண்–பெண் முன்முடிவுகளை நடித்துப் பார்த்தல்: வகுப்பில் நடத்த ஒரு முழு வழிகாட்டி

இந்தப் பயிற்சி 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கானது. 8ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை எந்த வகுப்பிலும், என்.எஸ்.எஸ். முகாமிலும், நூலக வாசகர் வட்டத்திலும் நடத்தலாம். "ஆம்பளப் புள்ள அழுவானா?", "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு வாய்?" போன்ற பேச்சுகள் யாரிடமிருந்து, எந்த நெருக்கடியில் வருகின்றன என்பதை மாணவர்களே நடித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

புதிதாக நடத்துபவர்களின் கையில் இது மூன்று விதமாகக் கெட்டுப்போகிறது. ஒரு பையன் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு இடுப்பை ஆட்ட, வகுப்பு சிரித்துக் கலைகிறது. அல்லது கடைசியில் ஒரு நல்லவர் வந்து சமத்துவம் பற்றிப் பிரசங்கம் செய்கிறார். எல்லோரும் கைதட்டிவிட்டு மறந்துபோகிறார்கள். அல்லது யாரோ ஒரு மாணவியின் சொந்த வீடு வகுப்பின் நடுவே வந்துவிடுகிறது. இந்த மூன்றுக்கும் காரணம் முன்னேற்பாட்டில்தான் இருக்கும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. ஒரு வாரம் முன்பே முடிக்க வேண்டியவை

20 முதல் 24 பேர் சரியான எண்ணிக்கை. முப்பதைத் தாண்டினால் பின்வரிசை வெறும் வேடிக்கை பார்க்கும். 40 பேர் கொண்ட வகுப்பென்றால் இரண்டாகப் பிரித்து இரண்டு நாள் நடத்துங்கள்.

நடத்த இருவர் வேண்டும். முடிந்தால் ஒரு ஆசிரியை, ஒரு ஆசிரியர். ஒருவர் காட்சியைக் கவனிப்பார். மற்றவருக்கு முகங்களைக் கவனிப்பது மட்டுமே வேலை. யாராவது எழுந்து வெளியே போனால் கூடவே போவதற்கும் அவர்தான்.

நேரம் 90 நிமிடம், அதாவது அடுத்தடுத்த இரண்டு பீரியட். நாளின் கடைசி இரண்டு பீரியடை எடுக்காதீர்கள். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கடைசிப் பகுதி அறுந்துபோகும். வெட்டவே கூடாத பகுதி அதுதான்.

தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரிய பெரிய சொற்கள் வேண்டாம். "வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளைகள் கேட்கும் சில பேச்சுகளை நடித்துப் பார்த்து யோசிக்கப் போகிறோம்" என்றால் போதும். சொல்லாமல் நடத்திவிட்டால், மறுநாள் பாதிக் கதை கேட்ட அப்பா ஒருவர் வாசலில் நிற்பார். அவர் கோபத்தில் நியாயமும் இருக்கும்.

கைபேசிக்கு அனுமதி இல்லை, நடத்துபவருக்கும் சேர்த்துத்தான். அம்மாவாக நடித்த பையனின் பத்து விநாடிக் காணொளி மாலைக்குள் யாராவது ஒருவரின் ஸ்டேட்டஸில் ஏறிவிடும். அதன் பிறகு அந்த வகுப்பில் யாரும் நடிக்க முன்வர மாட்டார்கள்.

தேவையான பொருட்கள்: இரண்டாக வெட்டிய ஏ4 தாள் 60, சார்ட் பேப்பர் 4, ஸ்கெட்ச் பேனா, ஒரே நிறத்தில் துண்டு 4, காட்சியை நிறுத்த ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும். விசில் வேண்டாம், அது பி.டி. பீரியட் நினைப்பைக் கொண்டுவந்துவிடும்.

2. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்

நல்ல மனதோடு செய்யும் தவறு இது. 18 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்குப் பாலியல் வன்முறை நடந்தது தெரியவந்தால், காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். தெரிந்தும் மறைப்பது குற்றம். ரகசியம் காப்பதாக முதலில் சொல்லிவிட்டுப் பிறகு தெரிவித்தால், அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது.

அதனால் தொடக்கத்திலேயே இப்படிச் சொல்லுங்கள்: "இங்கே பேசுவதை வெளியே கிண்டலாகப் பேசக் கூடாது. ஆனால் ஒருவருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உதவி செய்யக் கூடியவரிடம் நான் சொல்வேன், உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்." குழந்தைகள் உதவி எண் 1098ஐப் பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அதைப் பற்றிச் சொற்பொழிவு வேண்டாம்; எழுதியிருந்தால் போதும்.

3. முந்தைய நாளே பேச்சுகளைத் திரட்டுங்கள்

ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. ஒன்றில், தன்னைப் போன்றவர்களைப் பற்றி இந்த மாதம் காதில் விழுந்த ஒரு பேச்சு. இன்னொன்றில், மற்ற பாலினத்தாரைப் பற்றிக் கேட்ட ஒரு பேச்சு. பெயர் எழுதக் கூடாது. எதுவும் நினைவுக்கு வராதவர் ஒரு கோடு போட்டு மடித்துத் தரட்டும். அப்போது யார் எழுதவில்லை என்பது தெரியாது.

"என்ன நினைக்கிறாய்?" என்று கேட்காமல் "என்ன கேட்டாய்?" என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. கருத்தைக் கேட்டால் ஆசிரியருக்குப் பிடித்த பதில்தான் வரும். காதில் விழுந்ததைக் கேட்டால், அது எழுதியவர் குற்றம் ஆகாது என்பதால், உள்ளபடியே வரும்.

சீட்டுகளை வீடு, பள்ளி, தெரு, போன் என்று நான்காகப் பிரியுங்கள். வகுப்பில் சீட்டை அப்படியே எடுத்து வாசிக்கக் கூடாது. கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் கையால் சார்ட்டில் எழுதி ஒட்டுங்கள். ஒருவரை அடையாளம் காட்டும் விவரம் இருந்தால் அதை நீக்கிவிடுங்கள்.

4. காட்சியை எழுதுதல்

அதிக நேரம் கேட்கும் வேலை இதுதான். காட்சி சரியாக அமைந்துவிட்டால் நடத்துபவர் சுமாராக இருந்தாலும் பயிற்சி தேறும். காட்சி கோணலாக இருந்தால் எவ்வளவு தேர்ந்தவராலும் தூக்கி நிறுத்த முடியாது.

ஒரே இடம், ஒரே வேளை, மூன்று நிமிடம், நான்கு பாத்திரங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு; அதில் இரண்டே குறிப்பு: இந்த ஆளுக்கு இப்போது என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார். குணம் எழுதாதீர்கள். "கண்டிப்பான அப்பா" என்று எழுதினால் மாணவர் சினிமா அப்பாவாகி மீசையை முறுக்குவார். "மகள் வெளியூர் போனால் அண்ணன் தன்னை என்ன கேட்பானோ என்ற பயம்" என்று எழுதிப் பாருங்கள். உண்மையான அப்பா வருவார்.

யாரும் வில்லன் ஆகக் கூடாது. வில்லன் இருந்தால், அவர் ஒழிந்தால் பிரச்சினையும் ஒழிந்தது என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். நம் வீடுகளில் இந்தப் பேச்சுகளைப் பெரும்பாலும் அன்போடு, அக்கறையோடு, அலுப்போடு சொல்கிறார்கள். அந்த அன்பும் அலுப்பும் காட்சியில் தெரிய வேண்டும்.

முதல் காட்சி வீட்டைப் பற்றி இருக்க வேண்டாம், பள்ளியிலேயே தொடங்குங்கள். இதோ ஒன்று:

ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள், மாலை 3.30, ஆசிரியர் அறை வாசல்.

ஆசிரியர்: அரைமணிக்குள் வேலையைப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். நாளைக்கு ஏதாவது சொதப்பினால் தலைமையாசிரியர் தன்னைத்தான் கேட்பார் என்ற பயம். கட்டாயம் சொல்ல வேண்டிய வரி: "பொண்ணுங்க பன்னீர், சந்தனத் தட்டு. பசங்க பெஞ்சைத் தூக்குங்க."

மாணவி: மைக்செட் அண்ணனோடு நின்று ஒலி வேலையைப் பார்க்க ஆசை. 'அதிகப்பிரசங்கி' என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம்.

மாணவன்: நன்றாகக் கோலம் போடுவான், மேடை முன் கோலம் தனக்குக் கிடைக்க வேண்டும். வருடம் முழுக்கக் கிண்டல் செய்வார்களே என்ற பயம்.

கூட நிற்கும் நண்பர்: சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். யார் பக்கம் பேசினாலும் மாட்டிக்கொள்வோமே என்ற பயம்.

இரண்டாம் அமர்வுக்கு ஒரு வீட்டுக் காட்சி. இரவு 9 மணி, சாப்பாடு முடிந்தது. அண்ணன், தங்கை இருவருக்கும் நாளை தேர்வு. அம்மாவின் வரி: "அவன் படிக்கட்டும், நீ வந்து தட்டை எடு." அவருக்கு வேண்டியது காலை ஐந்து மணிக்கு எழுவதற்கு முன் கொஞ்சம் தூக்கம். அவர் பயம், "பையனை வேலை வாங்குறா" என்று மாமியார் சொல்லிக்காட்டுவது. மாமியாருக்கு ஒரு சீட்டு: பேரன் படித்து வேலைக்குப் போனால்தான் குடும்பம் நிமிரும் என்ற நம்பிக்கை.

பிறகு எடுக்கத் தகுந்தவை: பிளஸ் ஒன்னில் நர்சிங் தொழிற்பிரிவு கேட்கும் பையன், மாவட்டக் கபடிப் போட்டிக்கு ஒரு இரவு வெளியூரில் தங்க வேண்டிய பெண், தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு நண்பர்கள் முன் அழுதுவிட்ட பையன். பெண்ணை அழுத்தும் காட்சிகளாகவே எடுத்தால் பையன்கள் தங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதாக நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள்.

வரதட்சணைச் சாவு, ஆணவக்கொலை, பாலியல் வன்முறை ஆகியவற்றைத் தொடாதீர்கள். கனமான விஷயம் என்பதால் புதியவர்கள் இவற்றையே முதலில் எடுக்கிறார்கள். மூன்று நிமிடத்தில் ஒரு மாணவர் மாற்றிப் பார்க்கக் கூடியது அதில் எதுவும் இல்லை. அந்த அறையில் யாருக்கு அது சொந்த அனுபவம் என்பதும் உங்களுக்குத் தெரியாது.

5. உடலைத் தயார் செய்தல் (10 நிமிடம்)

பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி வட்டமாக நில்லுங்கள். அறைக்குள் நடக்கச் சொல்லுங்கள்: பஸ்ஸைத் தவறவிடப்போகிறவராக, நிறைகுடம் சுமப்பவராக, ஹால் டிக்கெட்டை மறந்து வந்தவராக. டம்ளர் ஒலி கேட்டதும் சிலைபோல் நிற்க வேண்டும். பின்னால் காட்சியை நிறுத்த இதே ஒலிதான் உதவும், இப்போதே பழகட்டும்.

"பெண் மாதிரி நட, ஆண் மாதிரி நட" என்ற பயிற்சியைப் பலர் செய்கிறார்கள். விட்டுவிடுங்கள். முதல் ஐந்து நிமிடத்திலேயே கேலிக்கு உரிமம் கொடுத்த கதையாகிவிடும், அதைத் திரும்ப வாங்க முடியாது.

6. பாத்திரம் கொடுத்தல் (10 நிமிடம்)

நான்கு குழுக்களாகப் பிரித்து, நான்குக்கும் ஒரே காட்சியைக் கொடுங்கள். குழுவுக்கு ஒரு காட்சி என்று கொடுத்தால் நான்கு நாடகம் போட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும், மாற்றிப் பார்க்க நேரமே இருக்காது. ஒரு குழுதான் நடிக்கும். மற்ற மூன்றுக்கும் காட்சி அத்துப்படி ஆகியிருப்பதால் நடுவில் எழுந்து வர முடியும்.

பாத்திரச் சீட்டைக் குலுக்கி எடுக்கட்டும். வேண்டாம் என்று திருப்பித் தரும் உரிமை எல்லோருக்கும் உண்டு, காரணம் கேட்காதீர்கள்.

பையன் அம்மாவாகவும் பெண் அப்பாவாகவும் நடிக்கலாம். ஆனால் ஒரு விதி: குரலை மாற்றக் கூடாது, நடையை மாற்றக் கூடாது, சேலை, துப்பட்டா, ஒட்டு மீசை கூடாது. யாராக நடித்தாலும் தோளில் அதே துண்டுதான். அம்மா என்பது அவருடைய தேவையும் பயமும்தான், கீச்சுக்குரல் இல்லை என்பதை இந்த விதியே சொல்லிவிடும். ஒருவர் மீறினால் உடனே டம்ளரைத் தட்டுங்கள். "சீட்டில் அவருக்கு என்ன பயம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். திட்டினால் அவர்தான் அன்றைய நாயகன்.

சாதுவான பையனுக்குப் பெண் பாத்திரத்தை நீங்களாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே அவனுக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கும். நீங்கள் அதற்கு முத்திரை குத்தியதாகிவிடும். திருநங்கை, திருநம்பி பாத்திரங்களை வேடிக்கைக்காகச் சேர்ப்பதும் கூடாது. வகுப்பில் யாரேனும் தம்மைப் பற்றி இன்னும் யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம். இழிவான பழைய சொல் ஏதாவது காதில் விழுந்தால், சரியான சொல்லை ஒருமுறை சொல்லிவிட்டுக் கடந்து போங்கள்.

7. முதல் ஓட்டம், நிறுத்தம் (15 நிமிடம்)

காட்சியை மூன்று நிமிடம் ஓடவிட்டு, இறுக்கம் கூடும் இடத்தில் நிறுத்துங்கள். முடிவு வரை போக விடாதீர்கள். முடிந்த கதைக்குள் நுழைய யாருக்கும் தோன்றாது.

சிலையாக நிற்கும் ஒவ்வொருவரிடமும் போய், பாத்திரப் பெயரால் அழைத்துக் கேளுங்கள்: "டீச்சர், இப்போ உங்க மனசுல என்ன ஓடுது?" "கோலம் போடுற தம்பி, என்ன சொல்ல வந்து விழுங்கிட்ட?" பதில் பாத்திரமாகவே வர வேண்டும். "அவங்க வந்து…" என்று தொடங்கினால், "'நான்'னு சொல்லு" என்று திருத்துங்கள். பெரும்பாலும் அந்த ஆசிரியரின் பதிலில்தான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அவருக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிகிறது.

8. மாற்றிப் பார்த்தல் (25 நிமிடம்)

பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்டோ போவால் உருவாக்கிய மன்ற அரங்க முறையிலிருந்து வந்தது இந்தப் படி. பார்ப்பவர் எழுந்து வந்து, துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அதே இடத்திலிருந்து வேறு விதமாகப் பேசிப் பார்ப்பார். ஒருவருக்கு ஒரு நிமிடம். நான்கைந்து பேர் போதும்.

மாற்றக் கூடியவர்கள் இருவகை: ஆசை மறுக்கப்பட்டவர், அல்லது பக்கத்தில் சும்மா நிற்பவர். அழுத்தம் தரும் பாத்திரத்தை மாற்ற விடாதீர்கள். விட்டால் உடனே ஒருவர் வந்து நல்ல ஆசிரியராகி "அவரவர் விருப்பப்படி செய்யுங்கள்" என்பார், பிரச்சினை மாயமாக மறையும். நிஜத்தில் அந்த ஆசிரியர் மாற மாட்டார். மாணவரிடம் இருப்பது தன் வாயும் பக்கத்தில் இருக்கும் நண்பரும்தான். பக்கத்தில் நிற்பவரை மாற்றும் முயற்சிகளுக்குக் கூடுதல் இடம் கொடுங்கள். வகுப்பில் பெரும்பாலோர் நிஜ வாழ்வில் இருப்பது அந்த இடத்தில்தான்.

ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ஒரே கேள்வி: "இது நிஜத்தில் நடக்குமா?" நடக்கும் என்பவர்கள் கை தூக்கட்டும். யார் சரி, யார் தவறு என்ற தீர்ப்பு வேண்டாம்.

பிறகு இந்தப் பயிற்சியிலேயே கூர்மையான படி. அதே காட்சியை, ஒரு சொல்லும் மாற்றாமல், பாலினத்தை மட்டும் மாற்றி ஓட்டுங்கள். "பசங்க பன்னீர், சந்தனத் தட்டு. பொண்ணுங்க பெஞ்சைத் தூக்குங்க." வீட்டுக் காட்சியில் "அவ படிக்கட்டும், நீ வந்து தட்டை எடு" என்று அம்மா மகனிடம் சொல்லட்டும். சில வரிகள் இயல்பாகவே ஒலிக்கும். சில வரிகளில் சிரிப்பு வரும். சிலவற்றில் அம்மா மகனைத் தண்டிப்பதுபோல் தோன்றும். எந்த வரியில் சிரிப்பு வந்தது என்பதை இரண்டாம் நடத்துநர் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சிரிப்பை அடக்காதீர்கள். கேலிச் சிரிப்பு நடிப்பவரைப் பார்த்து எழும். இது வரியைக் கேட்டு எழுவது. வித்தியாசம் உங்களுக்கே தெரியும். பேச்சைத் தொடங்க வேண்டிய இடமும் அந்த வரிதான்.

9. பாத்திரத்தைக் கழற்றுதல் (5 நிமிடம்)

இதைத் தவிர்க்கவே கூடாது. நடித்தவர்கள் வரிசையாக நின்று, துண்டை எடுத்து மேஜைமேல் வைத்து, தன் பெயரைச் சொல்லி, அந்தப் பாத்திரத்துக்கும் தனக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். "நான் டீச்சர் இல்லை. எனக்குப் பெஞ்சு எண்ணவே வராது" என்பது போல லேசாக இருந்தாலும் சரி.

கைதட்டோடு விட்டுவிட்டால் பாத்திரம் ஒட்டிக்கொள்ளும். கோலம் போட்டவனாக நடித்தவன் மறுநாளிலிருந்து 'கோலம்' ஆகிவிடுவான். இந்தப் படிக்குப் பிறகு யாராவது பாத்திரப் பெயரால் கூப்பிட்டால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள்.

10. பேச்சு (20 நிமிடம்)

கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கண்டது: எந்த வரியில் சிரித்தோம்? அடுத்து உணர்ந்தது: துண்டு தோளில் இருந்தபோது எந்த வரியைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது? பிறகு காரணம்: அந்த ஆசிரியர் ஏன் அப்படிப் பிரித்தார், அதில் அவருக்கு என்ன வசதி? கடைசியில் மட்டும்: இதே வரியை வேறு எங்கே கேட்டிருக்கிறோம்? "என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டால் உடனே ஒருவர் எழுந்து கட்டுரைப் போட்டி முடிவுரையை ஒப்பிப்பார். கேட்காதீர்கள்.

வீட்டுக் காட்சி நடத்திய நாளில் மட்டும் ஒரு புள்ளிவிவரம் பயன்படும். ஊதியமில்லா வீட்டு வேலை செய்பவர்கள் ஒரு நாளில் அதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக ஊகிக்கச் சொல்லி, ஊகங்களைப் பலகையில் எழுதுங்கள். பிறகு இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு தந்த சராசரியைச் சொல்லுங்கள்: பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். காட்சிக்கு முன்பே சொன்னால் அது பொது அறிவு வினா விடை ஆகிவிடும். ஊகித்த பிறகு கேட்டால் தன் ஊகத்தோடு ஒப்பிடுவார்கள்.

11. கைமீறும் தருணங்கள்

"பொண்ணுங்களுக்கு மட்டும் பஸ் ஃப்ரீ, எங்களுக்கு என்ன?" என்று ஒரு பையன் கேட்பது தமிழ்நாட்டில் ஏறக்குறைய நிச்சயம். அரசின் நோக்கத்தை விளக்கத் தொடங்கினால் பட்டிமன்றம் தொடங்கிவிடும். அதைக் காட்சியாக்குங்கள்: பஸ் ஸ்டாப், கையில் காசில்லாத பையன், இலவச டிக்கெட் எடுத்த பெண், அவளைப் பார்த்து முகம் சுளிக்கும் ஒருவர். யாருக்கு என்ன வேண்டும், என்ன பயம்? கேட்ட பையனே சீட்டை எழுதட்டும். அவன் குறையிலும் உண்மை இருக்கும். அதற்கு இடம் கொடுத்தால்தான் மறுபக்கத்தைக் கேட்கும் காது வரும்.

"எங்க வீட்டுலயும் இப்படித்தான், எங்க அப்பா…" என்று ஒருவர் தொடங்கினால், மென்மையாக இடைமறியுங்கள்: "அதைப் பற்றி நாம் தனியாகப் பேசலாம். இப்போது காட்சியில் இருக்கும் அப்பாவைப் பற்றிச் சொல்." உணர்ச்சி வேகத்தில் வகுப்பு முன் சொன்னதை அந்தப் பிள்ளையால் மறுநாள் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அன்றே, பள்ளி முடிவதற்குள், தனியாகப் பேசிவிடுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடக் கூடாது.

யாராவது அழுதால் காட்சியை நிறுத்துங்கள். இரண்டாம் நடத்துநர் அவரோடு வெளியே போகட்டும், நீங்கள் மற்றவர்களுக்கு நடை பயிற்சியைக் கொடுங்கள். அழுகையை விவாதப் பொருள் ஆக்காதீர்கள்.

சாதி, மதம், சினிமா நடிகர் பெயர் காட்சிக்குள் நுழைந்தால் டம்ளரைத் தட்டி, அந்த வரியை விட்டு மேலே போகச் சொல்லுங்கள். சாதிக்கும் பாலினத்துக்கும் உள்ள உறவு பெரிய விஷயம்தான், ஆனால் 90 நிமிடத்தின் நடுவே அதைத் திறந்தால் மூட முடியாது.

12. முடிந்த பிறகு

இரண்டு நடத்துநர்களும் அன்றே பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதுங்கள்: எந்த இடத்தில் சிரிப்பு, எந்த முயற்சிக்கு அதிகக் கை உயர்ந்தது, யார் வாயே திறக்கவில்லை. அறிக்கையில் மாணவர் பெயர்கள் வேண்டாம். பாத்திரப் பெயரும் வரியும் போதும். முந்தைய நாள் திரட்டிய சீட்டுகளைக் கிழித்துவிடுங்கள், பீரோவில் வைக்காதீர்கள்.

ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரே ஒரு சீட்டு: "இந்த வாரம் அப்படி ஒரு பேச்சைக் கேட்டீர்களா? கேட்டபோது நீங்களோ பக்கத்தில் இருந்தவரோ என்ன செய்தீர்கள்?" ஒன்றும் செய்யவில்லை என்பதும் பதில்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கற்பனை வீரச்செயல்களாக வந்து குவியும். அடுத்த காட்சிக்கான சரக்கு இந்தச் சீட்டுகளில்தான் கிடைக்கும். இரண்டு அமர்வுகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். தேர்வு மாதத்தில் நடத்த வேண்டாம்.